கடற்பசு

நீரில் நீந்துவன யாவும் மீனெனக் கொள்ளுதல் உலக வழக்கு. திமிங்கிலமும் ஓங்கிலும் நுரையீரலால் மூச்சுவிட்டுக் கன்றுக்குப் பாலூட்டுவன. எனினும், லின்னேயஸ் என்னும் அறிஞர் அவற்றை மீனினின்றும் பிரித்துப் பாலூட்டிகளுள் வைத்தது 1758-ஆம் ஆண்டிலேதான். மன்னார்க் குடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் வலைவீசுவோர், விலங்குநூல் கல்லாமலே, அவ்வகை உயிருள் ஒன்றனைக் 'கடற்பசு' என்றனர். 'ஆவுளியா' என்பதும் அதற்கு வழங்கும் பெயரே.

அப்பெயர் வெறும் உவமையன்று. பசு நிலத்தில் மேய்வதுபோல இவ்வுயிர் ஆழமில்லாக் கடலின் அடியில் மேய்கின்றது. கீழ்நோக்கி வளைந்த வாயால் கடற்புல்லை வேரோடு பறித்து, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும். அது மேய்ந்த தடம் மணலில் நீண்ட கோடாய்க் கிடக்கும். ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் உடையதாய் வளரும். உறவுமுறையில் இதற்கு அணித்தானது பசுவன்று, யானையே. முன்துடுப்பின் அருகே முலை அமைந்திருத்தலும், முதிர்ந்த ஆணுக்குச் சிறு தந்தம் உண்மையும் காண்க. ஆயினும் மீனவர் இட்ட பெயரே எமக்கு உவப்பு.

நம் திருமறையில் ஆசரிப்புக் கூடாரத்தின் மேல்மூடிக்குக் கூறிய 'தகசுத்தோல்' இவ்வுயிரின் தோலே என்பாரும் உளர். செங்கடலிலும் கடற்பசு வாழ்கின்றது; ரூப்பெல் என்பார் 1834-இல் அதற்குக் கூடாரத்தைச் சுட்டும் இலத்தீன் பெயரையே சூட்டினார். தமிழில் பெயர்த்தோர் எபிரேயச் சொல்லை அவ்வாறே நிறுத்தியது நன்று.

மீனுக்கு நீரே மூச்சு. கடற்பசுவோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து மூக்குத் துளைகளைத் திறந்து காற்றை வாங்கி, மீண்டும் அவற்றை மூடிக்கொண்டு மூழ்கும். வலையிற் சிக்கி மேலெழ மாட்டாதாயின், தான் பிறந்து வளர்ந்த நீரிலேயே மூச்சுமுட்டி மாயும். முன்னாளில் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டது. இப்பொழுது வேட்டை சட்டத்தால் விலக்கப்பட்டும், எவரும் கொல்ல எண்ணாமலே வலையில் இறக்கின்றது. சூல் 13 முதல் 15 மாதம். ஈனுவது ஒரு கன்று. மறு ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டு செல்லும். ஆகலின் ஒரு தாய் இறந்தால் அவ்விழப்பு எளிதில் ஈடாகாது. இதன் கிளையாகிய பெருங் கடற்பசுவொன்றை ஸ்டெல்லர் என்பார் 1741-இல் பெரிங் கடலிற் கண்டு எழுதினார். வேட்டையால் 1768-க்குள் அவ்வினம் அடியோடு அற்றது. இடைப்பட்டவை 27 ஆண்டுகளே!

தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையிற் பட்டதை உயிரோடு விடுவிக்கும் மீனவர்க்கு வனத்துறையினர் பரிசிலும் அளித்து வருகின்றனர். விடுவித்தல் எளிய செயலன்று. மூச்சு அடங்குமுன் வலையை அறுத்தல் வேண்டும். அறுபடுவதோ அவர் பிழைப்புக்குக் கருவியாகிய வலை.