எருவும் காலமும்

நுழையும்முன்

தொழுவில் கிடக்கும் சாணமும் வயலில் இடப்படும் எருவும் ஒன்றல்ல. சாணம் எருவாக மாறுவதற்குச் சில திங்கள்கள் தேவை. அந்தக் காலத்தைப் பொறுத்திருந்து பெறும் அறிவே உழவர்தம் உரவறிவு. கழனிக்குரிய அவ்வறிவு, வீட்டு முற்றத்தில் சிறு புல்தரை வளர்ப்பவருக்கும் எவ்வாறு துணைசெய்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொழுவிலிருந்து நிலத்திற்கு

மாடு கட்டும் இடத்திற்குத் தொழு என்று பெயர். அங்குச் சேரும் சாணமும் சிறுநீரும், மாடு தின்று கழித்த வைக்கோலும் ஒன்றாக மக்கிக் கிடைப்பது தொழுஉரம். திருக்குறளின் உழவு அதிகாரம், உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் சிறந்தது எனக் குறிப்பிடுகிறது. எருவுக்கு அத்தகைய சிறப்பு ஏன் என்பது எண்ணத்தக்கது.

நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உண்டு. நூறு கிலோ தொழுஉரத்திலோ ஏறத்தாழ அரை கிலோ தழைச்சத்தே உள்ளது. சத்தின் எடையை மட்டும் நோக்கினால் எரு எளியதாகவே தோன்றும். எனினும், யூரியா பயிருக்கு உணவாகிறது. எரு மண்ணுக்கே உணவாகிறது. எருவிலுள்ள கரிமப் பொருள் மணற்பாங்கான மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. இறுகிய களிமண்ணைப் பொலபொலப்பாக்கிக் காற்றுப் புகச் செய்கிறது. மண்புழுக்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதனை உண்டு பெருகுகின்றன. எருவிலுள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே முதற்பயிருக்குக் கிடைக்கிறது. எஞ்சியது மண்ணில் தங்கிப் பின்வரும் பயிர்களுக்குச் சிறுகச் சிறுக உதவுகிறது.

பச்சைச் சாணத்தின் கேடு

மக்காத சாணத்தை நேரே இட்டால் பயனுக்கு மாறாகத் தீங்கு விளையும். வைக்கோல் கலந்த சாணத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் பயிர் பசியுற்று மஞ்சளிக்கும். கோழி எச்சத்தை அப்படியே இட்டால், அதிலிருந்து வெளிப்படும் அம்மோனியா வேரைக் கருக்கிவிடும். மாடு மேய்ந்த களைகளின் விதைகளுள் பல, அதன் வயிற்றைக் கடந்தும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. நோய் தரும் கிருமிகளும் பச்சைச் சாணத்தில் இருக்கக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து மக்குதலே. முறையாகக் குவிக்கப்பட்ட எருவின் உட்புறம் தானாகவே சூடேறி 55 பாகை செல்சியசைத் தாண்டும். அவ்வெப்பத்தில் களை விதைகளும் கிருமிகளும் பெரும்பாலும் அழிகின்றன. பின்னர்க் குவியல் மெல்லக் குளிர்ந்து, கரும்பழுப்பு நிறமும் மண்வாசனையும் பெறுகிறது.

எருக்குழி

ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமுள்ள குழியில், தொழுவின் சாணத்தையும் சிறுநீரில் ஊறிய கூளத்தையும் நாள்தோறும் சேர்க்க வேண்டும். தரைமட்டத்திற்கு மேல் ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை உயர்ந்தபின், சாணமும் மண்ணும் குழைத்து மேலே மெழுகிவிட வேண்டும். நான்கைந்து திங்களில் எரு ஆயத்தமாகும். மெழுகாமல் திறந்துவைத்த குவியலில், வெயிலில் தழைச்சத்து ஆவியாகும். மழையில் சத்து கரைந்தோடும். மேலும், தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடுகிறது. குழியைக் கிளறி வெண்ணிறப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பது தென்னையைக் காக்கும் வழிகளுள் ஒன்று.

நிலமே குழியாகும் கிடை

குழி வெட்டாமலே எருவிடும் முறை ஒன்றும் தமிழகத்தில் உண்டு. அது கிடை போடுதல். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளைச் சேர்ந்த கீதாரிகள், அறுவடைக்குப்பின் தம் ஆட்டு மந்தைகளைக் காவிரிப் படுகைக்கு ஓட்டிச்செல்வர். ஆடுகள் பகலில் அறுவடையான வயல்களில் மேயும். இரவில் ஒரு வயலில் பட்டியடைக்கப்படும். மறுநாள் பட்டி அடுத்த இடத்திற்கு மாறும். நிலத்துக்குரியவர் கீதாரிக்கு நெல்லோ பணமோ தருவார். புழுக்கையும் சிறுநீரும் நேரே மண்ணில் விழுவதால், சுமந்து செல்லும் உழைப்பு மிச்சமாகிறது.

இங்குப் புதிய எருவே நிலத்தில் விழுகிறது. ஆயினும் தீங்கு நேர்வதில்லை. கோடை முழுவதும் நிலம் பயிரின்றிக் கிடப்பதே அதற்குக் காரணம். குழியில் நிகழும் மக்குதல் இங்கு வயலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆட்டெரு அந்த ஆண்டிலும் மாட்டெரு மறு ஆண்டிலும் பயன்தரும் என்பது உழவர் வழக்கு. மேய்ச்சல் நிலங்கள் சுருங்கிவரும் இந்நாளில், கீதாரியும் உழவரும் ஒருவரையொருவர் சார்ந்திருந்த இவ்வுறவும் தளர்ந்து வருகிறது.

புல்தரைக்கு எரு

வீட்டுப் புல்தரையின் நிலை வேறு. அங்கு அறுகம்புல்லோ கொரியன் புல்லோ ஆண்டு முழுவதும் நின்றுகொண்டிருக்கும். உழவும் இல்லை, தரிசுக் காலமும் இல்லை. ஆகவே, மக்குதல் முழுவதும் வேறிடத்தில் நிறைவுற்ற எருவே புல்தரைக்கு ஏற்றது.

பதமான எருவைக் கையில் எடுத்தால் சூடு இராது, நாற்றம் வீசாது, வைக்கோலையும் சாணத்தையும் பிரித்தறிய இயலாது. ஐயம் எழுந்தால், அவ்வெருவை மண்ணுடன் கலந்து ஒரு சட்டியில் நிரப்பி வெந்தயம் விதைத்துப் பார்க்கலாம். நாற்றுகள் கருகாமல் எழுந்தால் எரு பதமானது.

புல்லை ஒட்ட வெட்டி, முள்கரண்டியால் தரையில் துளைகள் இட்டு, சலித்த எருவை மணலும் செம்மண்ணும் கலந்து மெல்லியதாகத் தூவ வேண்டும். புல்லின் நுனி மறையாதிருத்தலே அளவு. வயலுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழுஉரம் இடுவது வழக்கம். அக்கணக்கின்படி நூறு சதுர அடிப் புல்தரைக்கு ஏறத்தாழ 12 கிலோ போதுமானது. கனமழைக்கு முன்பு இட்டால் சத்து வடிகாலில் கலந்துவிடும். ஆதலால் சாரல் பெய்யும் நாளே உகந்தது. எருவைக் கையாளும்போது கையுறை அணிதலும் பின்னர்ச் சோப்பிட்டுக் கைகழுவுதலும் இன்றியமையாதவை. நாய், பூனை ஆகியவற்றின் கழிவை எருவாக்குதல் கூடாது.

கழனியாயினும் முற்றமாயினும் எருவின் நெறி ஒன்றே. விரைந்து இடப்பட்ட சாணம் பயிரை வாட்டும். பொறுத்திருந்து இடப்பட்ட எரு மண்ணை வளர்க்கும். மண் வளர்ந்தால் பயிர் தானே வளரும்.

தெரிந்து தெளிவோம்

நூறு கிலோ எருவில் உள்ள சத்துகள் (ஏறத்தாழ, கிலோவில்)
தொழுஉரம்: தழைச்சத்து 0.5, மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5
ஆட்டெரு: தழைச்சத்து 3, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2
கோழியெரு: தழைச்சத்து 3, மணிச்சத்து 2.6, சாம்பல்சத்து 1.4

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் எரு, குப்பை, கிடை ஆகியவை தொடர்பாக வழங்கும் சொற்களையும் பழமொழிகளையும் தொகுக்க.
2. பள்ளித் தோட்டத்தின் பரப்பை அளந்து, அதற்குத் தேவையான தொழுஉரத்தின் எடையைக் கணக்கிடுக.
3. கிடை போட்ட பட்டறிவு உடைய முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர் கூறியவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.