வாடகை வேனில் குழந்தை: விடுமுறைக்குப் புறப்படும் முன் அறிய வேண்டியவை

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் நெருங்கும்போது எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் பயணத்தைப் பற்றிக் கேட்கின்றனர். எந்த மருந்தை எடுத்துச் செல்வது, தடுப்பூசியை எப்போது போடுவது, விமானத்தில் காது வலித்தால் என்ன செய்வது என்று கேட்போர் பலர். குழந்தை எந்த வாகனத்தில், எந்த இருக்கையில் அமர்ந்து செல்லும் என்று கேட்போர் சிலரே. வீட்டுக் காரில் ஒரு நாளும் தவறாமல் பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தப்படும் குழந்தை, விடுமுறையின்போது சாங்கி செல்லும் டாக்சியிலும், ஹோட்டல் அனுப்பும் வேனிலும், சென்னையில் உறவினர் அமர்த்திய வாடகை வண்டியிலும் பெரியவர் மடிக்கு மாறிவிடுகிறது.

இக்கட்டுரையில் நாங்கள் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. சட்டம் வாகனத்திற்கு வாகனம், நாட்டிற்கு நாடு மாறும். மோதலின் விசை எங்கும் மாறாது. ஆகவே விமானச்சீட்டையும் தங்கும் அறையையும் பதிவு செய்யும் அதே வேளையில் குழந்தையின் இருக்கையையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மடி ஏன் போதாது?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் எதன்மீதாவது மோதி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். வாகனம் நின்றாலும் உள்ளிருப்பவர் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த, சுமார் 140 கிலோ எடையைத் தாங்குவதற்குரிய விசை தேவை. எவ்வளவு அன்புடைய கையானாலும் அதைத் தாங்காது. வேறு வகையில் சொன்னால், அம்மோதல் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்கு ஒப்பானது.

பெரியவரும் குழந்தையும் ஒரே வாரைச் சேர்த்து அணிவது இன்னும் ஆபத்தானது. மோதலின்போது பெரியவரின் முழு எடையும் குழந்தையை வாரோடு சேர்த்து நசுக்கும். இரு குழந்தைகளை ஒரே வாரில் பிணைப்பதும் கூடாது.

சரியாகப் பொருத்தப்பட்ட பாதுகாப்பு இருக்கை கார் விபத்தில் உயிரிழக்கும் அபாயத்தை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ளவர்களிடம் 54 விழுக்காடும் குறைப்பதாக அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்துள்ளது.

எந்தக் குழந்தைக்கு எந்த இருக்கை?

கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கையே உரியது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்து எலும்புகளும் தசைநார்களும் இன்னும் உறுதிப்படாத நிலையில், முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை மோதலின்போது கழுத்தை இழுத்துக்கொண்டு முன்னே பாயும். பின்னோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்பகுதி ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். ஐ.நா. விதி எண் 129இன்படி தயாரான இருக்கைகளில் 15 மாதம் நிறையும் முன் குழந்தையை முன்னோக்கி அமர்த்தக் கூடாது. அதற்குப் பிறகும், இருக்கையின் எடை, உயர வரம்பு இடம் தரும்வரை பின்னோக்கியே அமர்த்துவது நல்லது.

அடுத்த நிலை, தோள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகியவற்றைப் பிணைக்கும் வார்கள் கொண்ட முன்னோக்கிய இருக்கை. அதையும் கடந்து வளர்ந்த பிள்ளைக்குப் பூஸ்டர் இருக்கை. பூஸ்டர் பிள்ளையைத் தானே பிடித்துவைப்பதில்லை. வாகனத்தின் வார் சரியான இடத்தில் படியும்படி பிள்ளையை உயர்த்துவதே அதன் வேலை. உயரம் போதாத பிள்ளைக்குப் பெரியவருக்கான வார் வயிற்றின்மீதும் கழுத்தின்மீதும் ஏறிவிடும். விபத்தில் அதுவே குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்தக்கூடும்.

பின்னோக்கிய இருக்கையைச் செயல்படும் காற்றுப்பைக்கு எதிரே, முன்னிருக்கையில், ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் காற்றுப்பை குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள பகுதியை நேராகத் தாக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர் காரில் செல்லும்போது, தமக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கையிலோ பூஸ்டரிலோ அமர்த்தப்பட வேண்டும். டாக்சிகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. சாலையோரத்தில் கைகாட்டி நிறுத்தப்படும் வண்டி எல்லா வயதுக்கும் ஏற்ற இருக்கைகளைச் சுமந்து திரிய இயலாது என்பதே அதன் காரணம். செயலி வழியாக அழைக்கப்படும் தனியார் வாடகை கார்களுக்கு அந்த விலக்கு இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் பல குடும்பங்கள் இங்கே குழம்புகின்றன. இருக்கை இல்லாத குழந்தையை ஏற்றத் தனியார் வாடகை ஓட்டுநர் மறுத்தால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் சட்டத்தைப் பின்பற்றுகிறார். பதிவு செய்யும்போதே குழந்தை இருக்கையுள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

டாக்சிக்கு அளிக்கப்பட்ட விலக்கு நடைமுறைச் சிக்கலைக் கருதி அளிக்கப்பட்டது. டாக்சியில் மடி பாதுகாப்பானது என்று அது பொருள்படாது. முன்கூட்டியே பதிவு செய்த டாக்சியில் உங்கள் சொந்த இருக்கையைப் பொருத்திக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் வாகனங்களில் குழந்தைப் பாதுகாப்பு இருக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஜோகூருக்கோ மலாக்காவிற்கோ சொந்தக் காரில் செல்வோர், எல்லையைக் கடந்ததும் இருக்கையைக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்துவிடக் கூடாது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை இருக்கை வாரோ பாதுகாப்பு இருக்கையோ இன்றி வாகனத்தில் அழைத்துச் செல்வதற்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. நடைமுறையில் வாடகை வண்டிகளில் இதைக் கேட்பார் குறைவாக இருக்கலாம். கேட்பார் இல்லாத இடத்தில் பெற்றோரே கேட்க வேண்டும்.

வேனைப் பதிவு செய்யும்போது

பாட்டி வீட்டுக்கோ கோயில்களுக்கோ செல்ல, பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக ஏறும் வேனையே குடும்பங்கள் விரும்புகின்றன. பணம் கட்டுவதற்கு முன் வண்டி உரிமையாளரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எல்லா இருக்கைகளிலும் வார் உண்டா? சில வண்டிகளில் வார் இருக்கும். அதன் பூட்டு இருக்கை உறைக்கு அடியில் புதைந்திருக்கும். உறையை நீக்கித் தருமாறு முன்னரே சொல்லுங்கள்.

2. அது இடுப்பு வாரா, தோளையும் பிணைக்கும் மும்முனை வாரா? பூஸ்டருக்கு மும்முனை வார் இன்றியமையாதது. இடுப்பு வார் மட்டுமே உள்ள இருக்கையில் பூஸ்டரைப் பயன்படுத்தக் கூடாது. உடல் வார்கள் கொண்ட சில இருக்கைகளை இடுப்பு வாராலும் பொருத்தலாம். உங்கள் இருக்கையின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

3. இருக்கைகள் முன்னோக்கியவையா? பக்கவாட்டில் நோக்கும் நீள இருக்கைகளில் எவ்வகைக் குழந்தை இருக்கையையும் பொருத்தக் கூடாது.

4. ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா? இல்லையெனில் உங்கள் இருக்கையை வாரால் பொருத்த இயலுமா? ஐசோஃபிக்ஸ் மட்டுமே ஏற்கும் இருக்கையைச் சுமந்து சென்று, பழைய வேனில் பொருத்த இயலாமல் திகைப்போர் உண்டு.

5. குழந்தை இருக்கையை நீங்கள் தருவதானால், அது எந்த வயதுக்கு, எடைக்கு, உயரத்துக்கு உரியது? ஐ.நா. விதி எண் 44 அல்லது 129 குறித்த ஒட்டுச்சீட்டு அதில் உள்ளதா? விபத்தில் சிக்கிய இருக்கையை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

விமானத்தில் இருக்கையைக் கொண்டு செல்ல விரும்பினால், கட்டணம் உண்டா, விமானத்திற்குள் பயன்படுத்தலாமா என்பதை நிறுவனத்திடம் முன்னரே கேளுங்கள். பூஸ்டரை விமான இருக்கையில் பயன்படுத்த இயலாது. அது சேருமிடத்துச் சாலைகளுக்கே உதவும். சரக்காக அனுப்புவதானால் அடிபடாதவாறு பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

நெடுந்தூரச் சொகுசுப் பேருந்தில் செல்வதானால் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்குங்கள். வாரை இடுப்பெலும்பின்மீது தாழ அணிவியுங்கள், நடைவழியில் நிற்கவிடாதீர்கள். சாங்கி விமான நிலையத்திற்கு எம்ஆர்டி ரயிலும் உண்டு. பெட்டிகள் குறைவாக இருந்தால், குழந்தை இருக்கை பற்றிய கவலை இன்றிச் செல்ல அது நல்ல வழி.

பொருத்தியபின் சோதித்தல்

இருக்கையின் அடிப்பகுதியை, வார் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள். எப்பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பின்னோக்கிய இருக்கையில் தோள் வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். தோளருகே வாரை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் அது தளர்வாக உள்ளது. தடித்த போர்வையைச் சுற்றியபின் வாரைப் பூட்டாதீர்கள். வாரைப் பூட்டி, அதன்மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

பூஸ்டரில் அமரும் பிள்ளைக்கு இடுப்பு வார் தொடையின் மேற்பகுதியைத் தொட்டபடி இருக்க வேண்டும். தோள் வார் தோளின் நடுவே செல்ல வேண்டும். உறுத்துகிறது என்று அதை அக்குளுக்குக் கீழே தள்ளிவிடப் பிள்ளையை அனுமதிக்காதீர்கள்.

சிகிச்சை பெறும் குழந்தைகள்

37 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைகள் சிலருக்குச் சாய்வு இருக்கையில் அமரும்போது தலை முன்னே சரிந்து மூச்சு தடைபடலாம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் குறையலாம். வீட்டுக்கு அனுப்பும் முன், குழந்தையை அதன் சொந்த இருக்கையில் ஒன்றரை மணி நேரம் அல்லது அதற்கு மேல் அமர்த்தி, நாடித்துடிப்பையும் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணிக்கும் சோதனை உண்டு. குறைமாதக் குழந்தையுடன் நெடும்பயணம் எண்ணுவோர் இதுபற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எக்குழந்தையானாலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, இருக்கையிலிருந்து எடுத்துச் சற்று நேரம் மல்லாந்து படுக்கவிடுங்கள். சேருமிடம் வந்ததும், உறங்குகிறதே என்று இருக்கையிலேயே விட்டுவிடாதீர்கள்.

இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போடப்பட்ட குழந்தை வழக்கமான இருக்கையில் அமர இயலாமல் போகலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே வீடு திரும்பும் வாகனத்தைப் பற்றியும் பேசுங்கள். வலிப்பு நோயுள்ள குழந்தைக்கும், தொண்டையில் மூச்சுக்குழாய் பொருத்தப்பட்ட குழந்தைக்கும் அருகில், அவர்களைக் கவனிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் அமர வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேனில் செல்லும் பிள்ளை முன்னோக்கியிருக்க வேண்டும். நாற்காலியை நான்கு இடங்களில் தரையோடு பிணைத்து, பிள்ளைக்குத் தனி வார் அணிவிக்க வேண்டும்.

குடும்பத்தினர் கேட்பவை

“சிறிது தூரம்தானே?” மோதலுக்கு நெடும்பயணம் தேவையில்லை. ஹோட்டல் வாசலிலிருந்து கடற்கரை செல்லும் பத்து நிமிடத்திலும் வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தை எட்டும்.

“இருக்கையில் வைத்தால் அழுகிறதே?” புறப்படும் நாளன்று முதல்முறையாக அமர்த்தினால் அழத்தான் செய்யும். இரு வாரங்களுக்கு முன்பிருந்தே வீட்டில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். பயணத்தில் பசியோ ஈரமோ வெப்பமோ இருந்தால், வண்டியை நிறுத்தியபின் எடுங்கள். ஓடும் வண்டியில் பாலூட்டுவதற்காகக் கழற்ற வேண்டாம்.

“எங்கள் காலத்தில் மடியில்தானே வளர்த்தோம்?” என்று தாத்தா பாட்டி வருந்துவதுண்டு. அவர்கள் அன்பை மறுத்துப் பேச வேண்டியதில்லை. இருக்கைக்குப் பக்கத்து இடத்தை அவர்களுக்குக் கொடுங்கள். கதை சொல்லவும் கைபிடித்துக்கொள்ளவும் அவ்விடமே போதும்.

“எவ்வளவு முயன்றும் இருக்கை கிடைக்கவில்லையென்றால்?” முதலில் ரயிலையோ வேறொரு வண்டியையோ தேடுங்கள், சில மணி நேரம் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். வேறு வழியே இல்லாத நிலையில், தனியே அமரக்கூடிய பிள்ளையைப் பின்னிருக்கையில் தனி வாருடன் அமர்த்தி, மெதுவாகச் செல்லுமாறு ஓட்டுநரிடம் கேளுங்கள். தனியே அமர இயலாத கைக்குழந்தைக்கு எந்த வாரும் ஈடாகாது. ஆகவே கைக்குழந்தையுடன் புறப்படுவோர் இருக்கையைக் கையோடு எடுத்துச் செல்வதே நல்லது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாளை எடுத்து, வீட்டு வாசலிலிருந்து திரும்பி வரும்வரை குழந்தை ஏறப்போகும் ஒவ்வொரு வாகனத்தையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் குழந்தை எதில் அமரும் என்று குறியுங்கள். எதிரே வெற்றிடம் உள்ள வாகனத்திற்கு அன்றே தொலைபேசியில் பேசுங்கள். குழந்தைக்கு எவ்வகை இருக்கை ஏற்றது என்பதில் ஐயம் இருந்தால், அடுத்த சந்திப்பின்போது அத்தாளையும் குழந்தையின் தற்போதைய எடை, உயரக் குறிப்பையும் எங்கள் தாதியரிடம் காட்டுங்கள்.