ஒரு வாட் போதும்! வீட்டிலேயே செய்யும் ஹாம் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்



வானொலி என்றால் கேட்பதற்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாமே வான்வழியே செய்தி அனுப்பி, வெளியூரில் இருப்பவரோடு உரையாடவும் அரசு அனுமதி தருகிறது. வணிக நோக்கமின்றிச் செய்யப்படும் இதற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். வழக்கில் ஹாம் ரேடியோ என்பார்கள். பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப், இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹாம்ஸ் ஆகிய இரண்டும் நம் நகரத்து அமைப்புகளே. இருந்தும், "விலை உயர்ந்த கருவி வேண்டுமே" என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை என்பதைக் கணக்கோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உரிமம்

சிக்னல் விழாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது ரயில்வேயில் முதல் பாடம். இங்கும் அப்படியே. மத்திய அரசுத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற வேண்டும். 12 வயது நிரம்பிய பிள்ளைகளும் இத்தேர்வை எழுதலாம். உரிமம் கைக்கு வரும் முன் டிரான்ஸ்மிட்டரைச் செய்யவோ வைத்திருக்கவோ வேண்டாம். அதுவரை ஒரு 555 ஐ.சி., 9 வோல்ட் பேட்டரி, சிறிய ஸ்பீக்கர் ஆகியவற்றால் மோர்ஸ் பயிற்சிக் கருவி செய்து பழகலாம்.

ஒரு வாட் எவ்வளவு தூரம் போகும்?

வந்து சேரும் அலையின் பலத்தை ஹாம் அன்பர்கள் எஸ்1 முதல் எஸ்9 வரை மதிப்பிடுவார்கள். ஒரு படி இறங்க, திறன் நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 100 வாட் கருவி ஒருவருக்கு எஸ்9 ஆகக் கேட்கிறது என்று கொள்வோம். 25 வாட் எஸ்8 ஆகவும், 6 வாட் எஸ்7 ஆகவும், ஒன்றரை வாட் எஸ்6 ஆகவும் கேட்கும். மோர்ஸ் குறிகளைப் பிரித்தறிய எஸ்6 தாராளம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இதுதான். மோர்ஸில் 5 வாட்டுக்கு மேற்படாத திறனோடு இயங்குவதை உலகெங்கும் கியூ.ஆர்.பி. என்று அழைக்கிறார்கள்.

நான்கு பாகங்கள்

இக்கருவி 40 மீட்டர் அலைவரிசையில், 7.030 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். குறைந்த திறன் அன்பர்கள் பல நாடுகளிலும் கூடும் இடம் இது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும்.

1. ஆஸிலேட்டர்: ஒரு கிரிஸ்டலும் பி.சி.547 டிரான்சிஸ்டரும் சேர்ந்து 7.030 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும். கிரிஸ்டல் இருப்பதால் அதிர்வெண் நழுவாது.

2. பவர் ஆம்ப்ளிஃபயர்: 2என்2219 டிரான்சிஸ்டர், தலையில் ஹீட் சிங்க்குடன். 12 வோல்ட்டில், 50 ஓம் சுமைக்கு இது தரக்கூடிய உச்சத் திறன், 12-ஐ 12-ஆல் பெருக்கி, 50-இன் இருமடங்கான 100-ஆல் வகுத்தால் கிடைக்கும். அதாவது 1.44 வாட். நடைமுறையில் சுமார் 1 வாட் வரும்.

3. மோர்ஸ் சாவி: இதை ஆஸிலேட்டரில் இணைத்தால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒலி குருவி கத்துவதுபோல் நெளியக்கூடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரில் இணைப்பது நல்லது.

4. ஃபில்டர்: "இது இல்லாமலும் வேலை செய்கிறதே" என்று பலர் விட்டுவிடும் பாகம் இது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து 7.030 மட்டும் வருவதில்லை. அதன் மடங்குகளான 14.06, 21.09 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் மேலும் பலவும் சேர்ந்தே வரும். அவை பிறருடைய செய்தியில் குறுக்கிடும். டி50-2 என்னும் சிவப்பு இரும்புத்தூள் வளையம் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் எனாமல் கம்பியை 15 சுற்று சுற்றினால் சுமார் 1.1 மைக்ரோஹென்றி கிடைக்கும். இரண்டு சுருள்களையும் தொடராக இணைத்து, இரு முனைகளிலும் 470 பிக்கோஃபாரட் ஒவ்வொன்றும், நடுவில் இணையாக இரண்டும் தரைக்கு இணைக்க வேண்டும். மொத்தம் நான்கு கெப்பாசிட்டர்கள். செலவு அற்பம், ஆனால் நல்ல ஹாமுக்கு அடையாளமே இந்த ஃபில்டர்தான்.

ஏரியலுக்கு முன் சோதனை

புதிய என்ஜினை நேராகப் பயணிகள் வண்டியில் பூட்டுவதில்லை. அதுபோல், முதலில் இரண்டு 100 ஓம், 1 வாட் கார்பன் ரெசிஸ்டர்களை இணையாகச் சேர்த்து 50 ஓம் போலிச் சுமை செய்துகொள்ளுங்கள். அதிலிருந்து 1என்4148 டயோடு வழியாக 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சேரும் மின்னழுத்தத்தை டி.சி. மீட்டரில் பாருங்கள். டயோடு விழுங்கிய 0.7 வோல்ட்டைக் கூட்டி 10 வோல்ட் வந்தால், திறன் சரியாக 1 வாட்.

ஏரியல்

300-ஐ 7.03-ஆல் வகுத்தால் அலைநீளம் 42.7 மீட்டர். அதில் பாதி 21.3 மீட்டர். கம்பி முனைகளின் விளைவுக்காக 5 சதவீதம் கழித்தால் சுமார் 20.3 மீட்டர். இதை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10.1 மீட்டர் வீதம் மொட்டை மாடியில் கட்டலாம். மின்சார வாரியக் கம்பிகளின் அருகே ஒருபோதும் கட்டாதீர்கள். ஏரியல் அறுந்து விழுந்தாலும் அவற்றைத் தொடாத தூரம் வேண்டும். ஏப்ரல், மே மாத இடி மழைக்கு முன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பகலில் சென்னை, மதுரை போன்ற ஊர்களை எட்டலாம். இரவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்க வாய்ப்புண்டு.

பிறர் காட்டிய வழி

1976-இல் அமெரிக்காவின் கியூ.எஸ்.டி. இதழில் டக் டிமா, காலி மீன் டப்பாவின் மேல் இரண்டே டிரான்சிஸ்டர்களால் ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டிக் காட்டினார். அரை வாட்டுக்கும் குறைவான அந்தக் கருவியை இன்றும் செய்து மகிழ்கிறார்கள். நம் நாட்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், 2000-களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற 6 வாட் கருவியை வடிவமைத்து, எல்லோரும் செய்துகொள்ள வரைபடத்தை இலவசமாகவே வெளியிட்டார். இரும்புத்தூள் வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுருள் சுற்றவும் அவர் வழி சொன்னார்.

ஏன் இந்த உழைப்பு?

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் குழுவினர், வழக்கமான தொடர்புகள் அற்ற நிலையில் தீவுகளிலிருந்து செய்தி அனுப்பி உதவினார்கள். கோபுரமும் கேபிளும் வேண்டாத தொடர்பு இது. நம் ஒரு வாட் கருவிக்குச் சுமார் கால் ஆம்பியர் போதும். யு.பி.எஸ்.ஸில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நாளுக்கு மேல் தாங்கும்.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. மோர்ஸ் முடியவில்லை. அதைக் கற்கும் பிள்ளைக்கு ஓம் விதி, அதிர்வெண், அலைநீளம் எல்லாம் பாடப்புத்தக வரியாக இல்லாமல் கைப்பழக்கமாகிவிடும். விடுமுறையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருங்கள். முதலில் பயிற்சிக் கருவி, பிறகு தேர்வு, அதன் பின் டிரான்ஸ்மிட்டர். இந்த வரிசை மாறாதிருந்தால் பயணம் இனிதாகும்.