தாங்குவதும் தணிப்பதும்
சுமை இழுக்கும் வண்டிக்கு ஷாக் அப்சர்பர் தெரிந்தெடுத்தல்

நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற உமணர், தம் வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு வழிச்சென்றனர் என்னும் செய்தி புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றால் அறியப்படுகின்றது. அதற்குச் சேமவச்சு என்று பெயர். மேட்டில் ஏறுங்காலும் பள்ளத்தில் இறங்குங்காலும் யாது நேருமோ என்று கருதி, மாற்றுறுப்பை முன்னரே தேடிவைத்த அவர்தம் அறிவு பாராட்டத்தக்கது.

உமணர் சென்ற கடற்கரை நாட்டிலேதான் இன்று பிக்கப் என்னும் சிறு சுமைவண்டிகள் மீனும் பனிக்கட்டியும் ஏற்றிச் செல்கின்றன. காரைக்காலில் துறைமுகத்தை அடுத்த வழிகளில் நிற்பார்க்கு இக்காட்சி புதிதன்று. அவ்வண்டிகளுட் சில, பின்னே டிரெயிலர் ஒன்றைக் கொக்கியிற் பூட்டி, பைபர் படகையோ மின்னாக்கும் எந்திரத்தையோ இழுத்துச் செல்வதும் உண்டு. இங்ஙனம் இழுக்கும் வண்டி ஆடத் தொடங்கினால், உடையவர் முதலில் குறை கூறுவது ஷாக் அப்சர்பரையே. அதனை மாற்றுங்கால் எதனைத் தெரிந்தெடுப்பது, எதனை அதனிடம் எதிர்பார்ப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராயின், பிழைபட்ட ஒரு சொல்லால் விளையும் பொருட்கேட்டையும் உயிர்க்கேட்டையும் பற்றியதே இது என்பது எம் விடை.

1. பெயரால் வரும் மயக்கம்

ஷாக் அப்சர்பர் என்னும் ஆங்கிலப் பெயர்க்கு அதிர்ச்சியை உட்கொள்வது என்பது பொருள். தமிழில் இதனை 'அதிர்வுதாங்கி' என்று எழுதுவாரும் உளர். 'தாங்கி' என்ற சொல்லைக் கேட்டவுடன், சுமையைத் தாங்குவது இவ்வுறுப்பே என்னும் எண்ணம் உண்டாகின்றது. சுமை மிகுந்து வண்டியின் பின்புறம் தாழ்ந்தால், இன்னும் கெட்டியான தாங்கியை மாட்டினால் நிமிர்ந்துவிடும் என்று பலர் நம்புவதற்கு இவ்வெண்ணமே காரணம்.

1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அம்மொழியில் இவ்வுறுப்புக்கு 'அமொர்த்திசேர்' என்று பெயர். வேகத்தை மழுக்குவது, தணிப்பது என்பது அதன் பொருள். உறுப்பின் தொழிலை உள்ளவாறு உரைப்பது அப்பெயரே. ஆதலின் யாமும் இனி இதனைத் 'தணிப்பான்' என்றே வழங்குவோம்.

2. வில்லின் தொழிலும் தணிப்பானின் தொழிலும்

வண்டியின் எடையைச் சக்கரங்களின் மேல் ஏந்தி நிற்பது வில். பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில் பெரும்பாலும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைவில்லே அமைந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் விழுங்கால் வில் வளைந்து ஆற்றலைத் தன்னுட் கொள்கின்றது; பின் அதனைத் திருப்பிக் கொடுக்கின்றது. தடுப்பது ஒன்றும் இல்லையாயின், ஒரு பள்ளத்தைக் கடந்த வண்டி ஊஞ்சல்போற் பல முறை மேலும் கீழும் ஆடிக்கொண்டே செல்லும்.

அவ்வாட்டத்தை அடக்குவதே தணிப்பானின் தொழில். ஓர் உருளைக்குள் எண்ணெய் நிறைந்திருக்கும். அதனூடே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். பிஸ்டனிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியாகவும் வால்வுகளின் வழியாகவும் எண்ணெய் வருந்திச் செல்ல வேண்டியிருத்தலின் அசைவு தடைப்படுகின்றது. அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி, உருளையின் புறத்தே காற்றிற் கலந்துவிடுகின்றது. நெடுந்தூரம் கரடுமுரடான சாலையில் ஓடிய வண்டியின் தணிப்பான் கைவைக்க இயலாதபடி சுடுவது இதனால் என்க.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தணிப்பான் விரைவுக்குத் தடை செய்வதேயன்றி நிலைத்த எடைக்குத் தடை செய்வதன்று. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் சாதாரணத் தணிப்பானைக் கழற்றிவிட்டாலும் வண்டியின் உயரம் ஏறக்குறைய மாறுவதில்லை. வாயு அடைத்த வகையில் மட்டும் சிறிதளவு தூக்கும் விசை உண்டு. ஆகவே தாழ்ந்த பின்புறத்தை நிமிர்த்தத் தணிப்பானை மாற்றுவது, கூரை ஒழுகுங்கால் கதவை மாற்றுவதனை ஒக்கும்.

3. இழுவையால் விளையும் மாறுதல்

டிரெயிலரைப் பூட்டிய வண்டியில் இரண்டு மாறுதல்கள் நிகழ்கின்றன. அவற்றை ஒரு கணக்கால் விளக்குவோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் நீளம் உள்ளது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னே உள்ளது. டிரெயிலர் அக்கொக்கியின்மேல் 100 கிலோ எடையை அழுத்துகின்றது எனக் கொள்வோம். நெம்புகோலின் விதிப்படி பின் அச்சின்மேல் ஏறுவது 100 கிலோ அன்று, 140 கிலோ. மிகுதியாகிய 40 கிலோ முன் அச்சிலிருந்து கழிகின்றது. இதனால் பின்புறம் தாழ, முன்புறம் எழுகின்றது. திசை திருப்பும் சக்கரங்கள் சாலையைப் பற்றுவது குறைகின்றது. இரவில் முன்விளக்கின் ஒளி எதிர்வருவார் கண்ணிற் பாய்கின்றது.

இரண்டாவது மாறுதல் ஆட்டத்தைப் பற்றியது. வில்லும் தணிப்பானும் முன்னிருந்தவாறே இருக்க, அவற்றின்மேல் நிற்கும் எடை இருமடங்காயின், ஆட்டத்தை அடக்கும் திறம் முன்னிருந்ததில் ஏறக்குறைய 100-க்கு 71 பங்காகக் குறையும். வெறும் வண்டியில் நன்றாய் வேலைசெய்த தணிப்பான், சுமையேறியபின் தளர்ந்ததுபோலத் தோன்றுவது இதனாலேயாம். சுமை இழுப்போர் சற்றே வலிய தணிப்பானை நாடுவதில் நியாயம் உண்டு என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

ஆயின் டிரெயிலர் பாம்புபோல் இருபுறமும் வளைந்தாடும் கேட்டிற்குத் தணிப்பான் மருந்தன்று. சுமையை டிரெயிலரின் பின்பகுதியில் குவித்தல், கொக்கியின்மேல் எடை போதாமை, டயரில் காற்றுக் குறைவு, மிகு வேகம் என்பனவே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஓரச்சு டிரெயிலரில் அதன் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் நிற்க வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அதனைச் சரிசெய்யாது ஷாக் அப்சர்பருக்குப் பணம் செலவிட்டவர், கேட்டை அவ்வாறே விட்டுவைத்தவராவர். அக்கேடு வெளிப்படுவது அவர் வீட்டு வாசலில் அன்று. எதிரே பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரும் சாலையிலே என்பதை மறத்தலாகாது.

4. வாங்குமுன் ஆராய வேண்டியவை

முதலாவது, வண்டியின் பதிவுச் சான்றிதழில் குறித்த மொத்த எடையைப் பார்த்தல் வேண்டும். அவ்வெடைக்கு மேற்பட்டு ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவால் விலக்கப்பட்டது. உற்பத்தியாளரின் கைந்நூலில் இழுக்கத்தக்க எடை குறிக்கப்படவில்லையாயின், இழுக்கலாம் என்று நாமே பொருள் கொள்ளுதல் தகாது. மயிற்பீலியேயாயினும் அளவுகடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் வலியறிதலில் உரைத்தது எல்லா வண்டிக்கும் பொருந்தும். வில்லிற்குப் பட்டையொன்று கூட்டினால் வில் வலுப்படும். அச்சும், பிரேக்கும், டயரும், சட்டம் வகுத்த எல்லையும் மாறா.

இரண்டாவது, வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி நோக்குக. அப்பொழுதே பின்புறம் தாழ்ந்தோ ஒருபுறம் சாய்ந்தோ இருப்பின் குற்றம் வில்லினுடையது. முறிந்த பட்டை, தளர்ந்த யூ-போல்ட், தேய்ந்த ரப்பர் புஷ் ஆகியவற்றைத் தேடுக.

மூன்றாவது, தணிப்பானையே நோக்குக. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் காணப்படுதல் குற்றமன்று. எண்ணெய் வழிந்து சொட்டுமாயின் சீல் கெட்டது என்று துணியலாம். டயரின் மேற்பரப்பு ஓரிடம் குழிந்தும் ஓரிடம் மேடாகவும் தேய்வதும், ஒரு பள்ளத்திற்குப் பின் வண்டி பன்முறை ஆடுவதும், பிரேக் பிடிக்குங்கால் முகம் குப்புறக் கவிழ்வதுபோற் சாய்வதும் தளர்ச்சியின் அறிகுறிகள். வண்டியின் மூலையைக் கையால் அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை சிறு கார்களுக்குப் பயன்படும். கடினமான பட்டைவில்லையுடைய பிக்கப்புக்கு அதனை மட்டும் நம்புதல் கூடாது.

5. வகைகளுள் தெரிவு

கடையில் கிடைப்பன பெரும்பாலும் மூவகைப்படும். முதல் வகை, உருளைக்குள் உருளையாக அமைந்து எண்ணெய் மட்டும் நிறைந்தது. விலை குறைவு, மென்மையானது. ஆயின் கடுமையாக உழைக்குங்கால் எண்ணெயிற் காற்றுக் கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் துளையில் எளிதாக ஓடிவிடுதலின் தணிக்கும் திறம் தற்காலிகமாகக் குன்றும்.

இரண்டாம் வகை, அவ்விரட்டை உருளையிலேயே சிறிதளவு அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைத்தது. நுரைத்தல் இதிற் குறைவு.

மூன்றாம் வகை, ஒற்றை உருளையில் மிக்க அழுத்தமுடைய நைட்ரஜனை, மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் எண்ணெயினின்று பிரித்து வைத்தது. இவ்வகையை உருவாக்கியவர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் என்னும் பிரெஞ்சுப் பொறிஞர். 1950-களில் இது வழக்கிற்கு வந்தது. எண்ணெய் நிறைந்த உருளை நேரே காற்றிற் படுதலின் வெப்பம் விரைவில் நீங்கும். நெடுந்தூர இழுவைக்கு இது நன்று. ஆயின் விலை மிகுதி. கல் பட்டு உருளை நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பது இதன் குறை.

இம்மூன்றனுள் எது சிறந்தது என்று வாளா வினவுதல் பயனற்றது. வண்டி எத்தனை நாள் சுமையோடும் எத்தனை நாள் வெறுமையாயும் ஓடுகின்றது என்பதே வினா. வைகறையில் மீன் நிரப்பிச் சென்று நண்பகலில் வெறுமையாய்த் திரும்பும் வண்டிக்கு மிகக் கெட்டியான தணிப்பானை மாட்டினால், திரும்புங்கால் இலேசான பின்புறம் துள்ளும். வளைவிலும் மழையிலும் சக்கரம் பிடியிழக்கும். மாதத்திற்கு ஓரிரு முறை அண்மையிலுள்ள இடத்திற்குப் படகை இழுப்பவர்க்கு உற்பத்தியாளர் குறித்த அளவினதாகிய இரண்டாம் வகை போதும். நாள்தோறும் நெடுவழியில் இழுப்பவர், அவ்வண்டிக்கென்றே சுமையோட்டத்திற்கு வகுத்த மூன்றாம் வகையை ஆராயலாம். இருவகை ஓட்டமும் ஒப்ப உடையவர்க்குத் தடையைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய அமைப்புள்ளது உதவும்.

தணிப்பானைச் சுற்றிச் சுருள்வில் அமைத்தும், காற்றூதியும் சுமையைத் தூக்கும் வகைகளும் விற்கப்படுகின்றன. இவை பின்புறத்தைச் சிறிது உயர்த்துவது உண்மையே. ஆயின் அவ்வெடை, சுமைதாங்க அமையாத தணிப்பான் முளைகளின்மேல் இறங்கும். முளை விரிசல் கண்டால் இலாபம் நட்டமாகும்.

6. பொருத்தமும் பாதுகாப்பும்

வகையைத் துணிந்தபின் அளவை நோக்குக. முற்றச் சுருங்கிய நீளம், முற்ற விரிந்த நீளம், முனைகள் வளையமா தண்டா என்னும் அமைப்பு ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். குட்டையானதை மாட்டினால் பள்ளத்தில் இழுபட்டுக் கிழியும். நீளமானதை மாட்டினால் மேட்டில் அடிமுட்டிச் சிதையும். முன்னர்ப் பட்டை கூட்டி உயர்த்திய வண்டியாயின் புதிதாக அளந்தே வாங்குக. ஓர் அச்சின் இருபுறத்தும் ஒருங்கே மாற்றுதல் முறை. வளையமுனையின் புஷ் திருகை, வண்டி தன் சக்கரங்களின்மேல் நின்ற நிலையில் இறுக்குக. தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். வாயு அடைத்த பழைய உருளையை வெட்டுவதும் சுடுவதும் உயிர்க்கு இடர் தரும்.

காரைக்காலில் இரண்டு செய்திகள் சிறப்பாகக் கருதத்தக்கன. அரசலாறு, நண்டலாறு, திருமலைராயனாறு முதலிய ஆறுகளும் வாய்க்கால்களும் சாலையை அடிக்கடி குறுக்கிடும் நாடு இது. வண்டல் மண்மேல் இட்ட சாலை நாளடைவில் அமிழ, உறுதியான அடித்தளமுடைய பாலம் அமிழாது நிற்கும். ஆதலின் பாலத்து முகப்பில் படி ஒன்று உண்டாகின்றது. தளர்ந்த தணிப்பானும் நிறைந்த டிரெயிலரும் அப்படியில் வேகமாக ஏறுவது ஆபத்தானது; ஆங்கு வேகம் குறைத்தலே முதற் பாதுகாப்பு. மற்றொன்று, உவர்க்காற்று. பிஸ்டன் தண்டின் பளபளப்பான பூச்சைத் துரு அரித்தால், அவ்வடு ஏறி இறங்குந்தோறும் சீலைக் கிழிக்கும். படகை நீரில் இறக்கிய அன்றே வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதல் புதிய தணிப்பான் வாங்குவதனினும் மலிவு.

முடிவுரை

எடையை அளவோடு ஏற்றுதல் உடையவர் கடமை; அதனைத் தாங்குதல் வில்லின் கடமை; ஆட்டத்தைத் தணித்தல் தணிப்பானின் கடமை. ஒன்றன் கடமையை மற்றொன்றன்மேற் சுமத்தாது, எடை, வில், தணிப்பான் என்னும் முறையிலே ஆராய்ந்து, பின்னர்ப் பணத்தை வெளியெடுப்பது நலம். வண்டியால் வாழ்வு நடத்துவோர் இல்லங்களினின்று நம் கல்லூரிக்கு வந்து பயில்வோர் உளராதலின், விடுமுறையில் இதனைத் தம் வீட்டாரோடு கலந்து பேசி, வண்டியின் அடியிலும் ஒருமுறை குனிந்து நோக்குவாராயின் எம் முயற்சி பயன் பெற்றதாகும்.