வண்ணத்திற்கு முன்

நுழையும்முன்

பூச்சின் பொலிவு கண்ணுக்குத் தெரியும். அதைத் தாங்கும் பரப்பு தெரியாது. பழைய மகிழுந்துக்குப் புதுவண்ணம் பூசும்முன் அப்பரப்பைச் செம்மைப்படுத்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

துருவின் இயல்பு

பாக் நீரிணைக் கரையிலுள்ள மணமேல்குடியில் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற எஃகு உடல் கொண்ட மகிழுந்துகளுக்கு அக்காற்றே பெரும்பகை. பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் ஈரமும் ஆக்சிஜனும் இரும்போடு கூடித் துருவை உண்டாக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். துரு, இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வதால் மேற்பூச்சு கொப்புளமாக எழும். அதன்மீதே வண்ணம் பூசுவது புண்ணை ஆற்றாமல் மூடுவது போன்றது.

செம்மைப்படுத்தும் முறை

முதற்பணி கழுவுதல். இதற்கு உவர்நீர் ஆகாது. நன்னீரில் சோப்பைக் கரைத்துக் கழுவ வேண்டும். எண்ணெய்ப்பசையும் மெழுகும் நீங்கிய பின்னரே தேய்க்க வேண்டும். இல்லையேல் அவை கீறல்களுக்குள் புகுந்து புதுப்பூச்சைப் பற்றவிடா.

துருப்பிடித்த இடத்தை 80 எண் உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் கரும்புள்ளி எஞ்சினால் துரு எஞ்சியது என்பதே பொருள். சுற்றியுள்ள பழைய பூச்சின் விளிம்பைச் சரிவாக இழைத்து விரலால் தடவிப் பார்ப்பர். கண்ணுக்கு எட்டாத மேடும் விரலுக்கு எட்டும்.

வெளிப்பட்ட இரும்பு உப்புக்காற்றில் ஓரிரவு கிடந்தாலே மீண்டும் துருவேறும். எனவே, அன்றே பிரைமர் எனும் அடிப்பூச்சைப் பூச வேண்டும். அது காய்ந்தபின் பள்ளங்களில் பட்டி இட வேண்டும். பட்டி நீரை உறிஞ்சும். ஆதலால் அதை உலர்வாகவே தேய்த்து, மீண்டும் பிரைமர் பூசுதல் வேண்டும். இறுதியாக 400, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்தால் பரப்பு வண்ணத்திற்கு ஆயத்தமாகும்.

காப்பும் கவனமும்

பழைய பூச்சில் காரீயம் இருக்கக்கூடும். ஆகவே முகக்கவசம் அணிவதும், தேய்க்கும் இடத்திற்குக் குழந்தைகள் வாராமல் காப்பதும் இன்றியமையாதன. கடினமாக்கி கலந்து தெளிக்கும் வண்ணங்கள் பலவற்றில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆதலால் தேய்ப்பை வீட்டில் முடித்து, தெளிப்பைத் தக்க வசதியுள்ள பட்டறையிடம் விடுவதே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

உப்புத்தாளில் உப்பு இல்லை. அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கன் கார்பைடு போன்ற கடினப் பொருள்களின் மணிகளே அதில் ஒட்டப்பட்டுள்ளன. எண் கூடக்கூட மணிகள் நுண்மையாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வாகனங்களுக்கு வண்ணம் பூசுவோர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, பொருள் எழுதுக.