ஒரு கூரையின் கீழ் இரு கார்கள்

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ஒரகடம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் எங்களுள் பலருக்கு உண்டு. ஆகையால், குறைவாக விற்கும் கார்க் கம்பெனிகள் பெரிய கம்பெனிகளுக்கு எதிரே எவ்வாறு நிற்கின்றன என்பது எங்களுக்கு வெறும் பொருளியல் பாடமன்று.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். காரின் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகளுக்கு 10 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் கார் விற்பவருக்கு ஒரு காரின் தலையில் விழுவது 1,000 ரூபாய். 10,000 கார் மட்டும் விற்பவருக்கோ 10,000 ரூபாய்! இருவரும் ஒரே விலைக்கு விற்றால் யார் தேறுவார்?

அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோ காரோடு தொடங்கி, ஆண்டுக்குப் பல லட்சம் கார்கள் செய்யும் நிலைக்கு வளர்ந்தது. அதற்கு எதிரே தனித்தனி ஆலை கட்டினால் கட்டாது என்று பிரான்சின் ரெனோவும் ஜப்பானின் நிசானும் கண்டுகொண்டன. 2010இல் ஒரகடத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே ஆலையைத் திறந்தன. அச்சும் எஞ்சினும் பொது. முகமும் பெயரும் வேறு. நிசானின் மைக்ராவே சிறு மாற்றங்களுடன் ரெனோவின் பல்ஸ் ஆயிற்று. ஆனால் வாங்குவோர் விவரமானவர்கள். சட்டை மாற்றிய பல்ஸ் அதிகம் ஓடவில்லை.

2012இல் வந்த டஸ்டர்தான் வழி காட்டியது. மேடுபள்ளச் சாலைக்கேற்ற உயரமான காரை, நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கும் விலையில் ரெனோ தந்தது. 2015இல் வந்த க்விட் காரிலோ சிக்கனம் சக்கரம் வரை போயிற்று. பல கார்களில் நான்கு நட்டு இருக்கும் இடத்தில் இதற்கு மூன்றுதான்! தொடக்க விலை சுமார் 2.57 லட்சம் ரூபாய்.

எனினும் சிறியவர் திருத்திய நிலத்தில் பெரியவரும் ஏர் பூட்டுவார். அதே 2015இல் ஹூண்டாய் கிரெட்டாவைக் கொண்டுவந்தது. டஸ்டரின் தனிச்சிறப்பு போய்விட்டது. நிசான் மலிவு விலைக்கென 2014இல் இங்கே கொண்டுவந்த டாட்சன் பெயரும் 2022இல் மறைந்தது.

உள்நாட்டில் விற்காததை வெளிநாட்டுக்கு அனுப்பி ஆலையை ஓட்டலாமே என்று தோன்றும். நிசான் அவ்வாறே எண்ணூர்த் துறைமுகம் வழியாகக் கார்களை அனுப்பியது. ஆனால் அதுவும் முழு மருந்தன்று. மறைமலைநகரில் ஃபோர்டும் ஏராளமாக ஏற்றுமதி செய்தது. ஆயினும் இந்தியாவில் பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2021இல் அறிவித்தது. 2022இல் அங்கே கார் செய்வது நின்றது. பல வீடுகளில் அடுப்பெரிவதே கேள்வியானது.

2025இல் ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த 51 விழுக்காடு பங்கை ரெனோ வாங்கிக்கொண்டது. நிசானின் மேக்னைட் கார் தொடர்ந்து அதே ஆலையில்தான் செய்யப்படும் என்று இருவரும் அப்போது அறிவித்தனர்.