கெப் வண்டித் தட்டும் மூட்டுக் கறளும்

மாத்தளை அலுவிகாரைப் பக்கம் கெப் வண்டி என்றால் சும்மா நிற்காது. மிளகு, மரக்கறி, பசளை மூட்டை என்று ஏதாவது ஒன்று பின்தட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஆண்டுகளில் பழைய வண்டியைக் காப்பாற்றியே ஆகவேண்டியிருந்தது. நான் கற்றதெல்லாம் அப்போதுதான்.

கீறலில் வரும் கறள் கண்ணுக்குத் தெரியும், தேய்த்துப் பூசிவிடலாம். வண்டியைத் தின்பது மூட்டுக் கறள். தட்டின் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பார்கள். இடைவெளியை அடைக்கும் சீலன்ட் வெயிலிலும் அதிர்விலும் இறுகி, மயிரிழையாக வெடிக்கும். அதற்குள் போன தண்ணீர் காயாது. பெயின்ட் கொப்பளிப்பதைப் பார்க்கும்போது அடித்தகடு பாதி போயிருக்கும். எம்.ஓ.பி. பசளை சிந்தினால் இன்னும் மோசம். அதிலுள்ள குளோரைட் உப்புத் தண்ணீர் போலவே இரும்பை அரிக்கும். மூட்டை இறக்கிய அன்றே கழுவிவிடுங்கள்.

சோதிப்பது சுலபம். மூட்டிலுள்ள சீலன்டை நகத்தால் அழுத்துங்கள். மெதுவாக அமுங்கினால் நல்லது. பொலபொலவென்று உதிர்ந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் சிலிக்கோனைப் பிதுக்கிவிடுவது இங்கே வழக்கம். தயவுசெய்து வேண்டாம். வினாகிரி மணம் வரும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது இரும்புக்கு ஆகாது. அதன்மேல் பெயின்டும் ஒட்டாது. வாகன மூட்டுக்கென்றே விற்கும் பொலியுரித்தேன் சீலன்ட்தான் சரி. கறளின்மேல் நேரே புட்டி போடும் வேலையையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. புட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே கறள் பரவிக்கொண்டே போகும்.

வரிசை தவறக் கூடாது. கம்பிப் பிரஷால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, எபொக்சி பிரைமர் அடியுங்கள். அது காய்ந்த பிறகு மூட்டில் சீலன்ட், கடைசியில் பெயின்ட். சாதாரண பிரைமரோடு வண்டியை ஓடவிட்டால் ஈரம் ஊடுருவிவிடும். ஹார்ட்னர் கலந்த பெயின்டை விசிறும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது. ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக்கூட வரவழைக்கும். அந்த வேலையை முறையான காற்று வசதியுள்ள கராஜில் கொடுப்பதே புத்தி.

தட்டின் மூலைகளிலுள்ள வடிகால் துளைகளைச் சீலன்டால் மூடிவிடாதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால் இடைக்கிடை தூக்கிப் பாருங்கள். அடியில் தேங்கும் மணலும் தண்ணீரும் பெயின்டை அரைத்துவிடும்.

மாத்தளையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் அடித்தால் ஈரக்காற்றில் மேல்பூச்சு வெளிறிப்போகும். மாசியில் வெயில் ஏறியதும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, உங்கள் வண்டித் தட்டின் மூட்டுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.